கறுப்பு விருந்தில் ஓர் அலறல்

மே 12, திங்கள்

பொதுமக்களின் கனிவான கவனத்திற்கு. ஆவடி குவார்ட்டர்ஸ், பதினான்காம் வரிசை, மூன்றாம் எண் வீட்டில் ஏழாண்டுகள் தொண்டாற்றிய பச்சை வாளி இன்று காலை 10.40 மணிக்குக் கைப்பிடி கழன்று காலமானது. அன்னார் மூடியில்லாத டிரம் ஒன்றையும் மக்குகள் இரண்டையும் (ஒன்று என் தங்கை காவ்யா) தவிக்கவிட்டுச் சென்றுள்ளார்.

மரணத்துக்குக் காரணம் நான்தான். பின்கதவுக்கு மேலே பரணில் வாளியை அரைவாசித் தண்ணீரோடு வைத்து, கைப்பிடியில் கயிறு கட்டி, கோகுல்நாத் தலையை உள்ளே விட்டதும் இழுப்பதாகத் திட்டம். அவன் படியிலேயே நின்றுவிட்டான். மேலே நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"மச்சான், வாளிய எறக்கு. நான் குளிச்சிட்டுத்தான் வந்துகீறேன்."

ஆத்திரத்தில் இழுத்தேன். கைப்பிடி என் கையில், வாளி என் தலையில்.

ஒன்றாம் வகுப்பிலிருந்து இதே கதைதான். ஆறாம் வகுப்பில் ரப்பர் பல்லி. எட்டாம் வகுப்பில் பீரோவுக்குள் நான். போன வருடம் கட்டிலுக்கு அடியிலிருந்து கை. ஒருமுறைகூட அவன் "ஐயோ" என்றதில்லை. பதினோரு வருட ஸ்கோர்: தினகரன் 0.

"எப்படிடா கண்டுபுடிக்கிறே?" என்று தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டேன்.

"உன் ஊடும் என் ஊடும் ஒரே பிளான்டா. எங்க ஊட்ல எங்க ஒளியலாமோ அங்கதான் நீ ஒளிவே. இதுக்கு இன்னா மூளை வேணும்?"

உண்மைதான். இந்த குவார்ட்டர்ஸில் எல்லா வீடும் ஒரே அச்சு. அவன் வீடு எங்களுக்குப் பின்வரிசை. கண்ணைக் கட்டிவிட்டாலும் எங்கள் வீட்டில் ஸ்விட்ச் போடுவான்.

மே 14, புதன்

தேதி முடிவாகிவிட்டதாம். கோகுலின் அப்பா வரதன் மாமா 31ஆம் தேதி பேக்டரியிலிருந்து ரிடையர் ஆகிறார். மறுநாளே லாரி. தென்காசிப் பக்கம் சொந்த ஊரில் வீடு கட்டி முடித்துவிட்டார்கள். பிளஸ் டூ அவனுக்கு அங்கேதான்.

எனக்கு ஒன்றும் இல்லை. ரிடையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்யத்தான் வேண்டும். வருடா வருடம் யாராவது போகிறார்கள்.

ஆனால் ஸ்கோர் பூஜ்யமாக இருக்கும்போது இவன் போகக்கூடாது. அது எனக்கு மரியாதை இல்லை. போவதற்குள் ஒருமுறை, ஒரே ஒருமுறை, அவனை அலற வைக்கிறேன். இது சபதம்.

மே 16, வெள்ளி

மூளை வேலை செய்துவிட்டது!

பிரிவு உபசாரம் என்ற பெயரில் எங்கள் வீட்டில் விருந்தும் சினிமாவும். பேய்ப்படம். படத்துக்கு ஏற்ற சாப்பாடு: தட்டில் விழுவதெல்லாம் கறுப்பு. கவுனி அரிசிச் சோறு, மிளகுக் கோழி, தோல் எடுக்காத உளுந்து வடை, கறுப்பு திராட்சை ஜூஸ், கவுனிப் பாயசம், எள்ளுருண்டை. வருகிறவர்களும் கறுப்பு உடுத்தித்தான் வரவேண்டும். வயிறும் பயமும் ஒரே நேரத்தில் நிறையும்.

எங்கள் கிளாஸ் யூசுப்பின் அண்ணன் டியூஷன் சென்டர் நடத்துகிறார், அங்கிருந்து புரொஜெக்டர் வருகிறது. கோவில்பதாகையிலிருந்து அதே கிளாஸ் தீபிகா வருகிறாள். ஆக விருந்தாளிகள் மூவர், பலியாள் ஒருவன்.

அம்மாவிடம் மெனுவைப் படித்துக் காட்டினேன். "கறுப்பா சோறு போட்டா சுசீலா தீய வுட்டுட்டான்னு நாலு பேர் சொல்லுவாங்கடா" என்றாள். ஆனால் பாயசத்துக்கு வெல்லமா சர்க்கரையா என்று அவளே யோசிக்க ஆரம்பித்துவிட்டாள். விழுந்தாச்சு.

மே 18, ஞாயிறு

அப்பாவிடம் அனுமதி வாங்குவது அவ்வளவு சுலபமாக இல்லை. காரணம் பக்கத்து வீடு, நான்காம் எண், ஞானசேகரன் சார். பேக்டரியில் அப்பாவுக்கு மேலே இருப்பவர். மார்ச்சில் 'நாளை முதல் மூன்று நாள் தண்ணீர் வராது' என்று நான் ஒரு நோட்டீஸ் ஒட்டினேன். அவர் இட்லிப் பானை வரைக்கும் தண்ணீர் பிடித்துவைத்துவிட்டு, மறுநாள் குழாயில் சொர்ரென்று கொட்டியதும் நேராக அப்பாவிடம் போனார்.

அப்பா பேப்பரை மடித்துவைத்துவிட்டுச் சொன்னார்: "தாராளமா நடத்து. ஆனா நாலாம் நம்பர்லேர்ந்து ஒரு கம்ப்ளெயின்ட் வந்துது... ஸ்கூல் தொறக்குற வரைக்கும் உன் போன் என் டிபன் பாக்ஸோட பேக்டரிக்கு வரும். புரியுதா?"

"நாலாம் நம்பர் பக்கமே போமாட்டேன்பா."

இதைச் சொல்லும்போது நான் மனதாரத்தான் சொன்னேன். குறித்துக்கொள்.

மே 21, புதன்

திட்டத்தின் முழு விவரம். பரம ரகசியம்.

கோகுலுக்கு வீட்டுக்குள் எல்லா ஒளிவிடமும் அத்துப்படி. அதனால் வீட்டுக்குள் ஒளியவே போவதில்லை. படம் பாதியில் இருக்கும்போது வயிறு சரியில்லை என்று எழுந்து முன்கதவு வழியாக நழுவுவேன். முகத்தில் அரிசிமாவு, உடம்பில் அப்பாவின் பட்டு வேட்டி. வரிசையின் கோடியைச் சுற்றிக்கொண்டு பின்சந்துக்குப் போவேன். காவ்யா மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டுப் பின்கதவுத் தாழ்ப்பாளைத் திறந்துவைப்பாள். இதற்கு அவள் கேட்ட விலை என் ஜன்னலோரக் கட்டில். கொள்ளைக்காரி.

பின்பக்கம் எல்லா வீடும் ஒரே மாதிரிதான், ஆனால் எங்கள் பின்கதவுக்கு மேல் மட்டும் ஒரு நீல பல்பு உண்டு. எந்த வீட்டில் அந்த நீலம் அணைகிறதோ, அதுதான் நம் வீடு. பிசகவே வழியில்லை.

சமையலறைக்குள் நுழைந்து, ஹாலைப் பார்த்து, குரலை இழுத்து ஒரு வசனம்: "கோகுல்... என்னைத் தனியா வுட்டுட்டுப் போறியா...?"

"பேய் எதுக்கு அழுவுது?" என்றாள் காவ்யா.

"அது நடிப்பு. உனக்கு இன்னா தெரியும்?"

அந்த வசனத்தைப் பத்துமுறை ஒத்திகை பார்த்தேன். அருமையாக வருகிறது.

மே 23, வெள்ளி

பயமா? எனக்கா? தினகரன் என்றால் சூரியன். இருட்டுதான் என்னைப் பார்த்துப் பயப்பட வேண்டும்.

மே 25, ஞாயிறு

வெற்றி! மாபெரும் வெற்றி!

வரலாற்றுக்காகச் சுருக்கமாக எழுதிவைக்கிறேன்.

ஆறரைக்கு யூசுப் வந்தான், மே மாத வெயிலில் அண்ணனின் கறுப்பு ரெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு. உள்ளே வேகவைத்த நண்டு மாதிரி இருந்தான். தீபிகா கண்மையால் முறுக்கு மீசை வரைந்திருந்தாள். "மீசைய தொட்டே, கோயிந்தா" என்று மிரட்டிக்கொண்டே எல்லோர் தட்டிலிருந்தும் வடை எடுத்தாள். கோகுல் மட்டும் வெள்ளைச் சட்டை. துணியெல்லாம் அட்டைப்பெட்டியில் கட்டியாகிவிட்டதாம். ஒரு கறுப்பு சாக்ஸை டை மாதிரி கழுத்தில் முடிந்துகொண்டு வந்தான்.

"தொவச்சதாடா?"

"மோந்து பாத்துட்டு சொல்லு மாமே."

அம்மாவின் சமையல் பிரமாதம். கவுனிப் பாயசத்தில் எல்லோருடைய நாக்கும் நாவற்பழ நிறம். ஏழே காலுக்குப் படம் ஆரம்பம். பெட்ஷீட் திரையில் பேய் கொஞ்சம் சுருக்கமாகத் தெரிந்தது, இஸ்திரி போட மறந்துவிட்டோம்.

ஏழு ஐம்பதுக்கு இருட்டு. அதன் பிறகு ஓர் அலறல், மச்சான், பதினான்காம் வரிசை மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது. கோகுலுக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஞானசேகரன் சார் தாமாகவே எங்கள் வீட்டுக்கு வந்து என் முதுகில் தட்டிக்கொடுத்துப் பாயசமும் சாப்பிட்டுப் போனார். இதைவிட என்ன வேண்டும்?

ஸ்கோர்: தினகரன் 1.

மே 26, திங்கள்

அப்பா காலையிலிருந்து என்னைப் பார்க்கும்போதெல்லாம் சிரிக்கிறார். எதற்கென்று நான் கேட்கவில்லை.

ஜூன் 1, ஞாயிறு

லாரி ஒன்பது மணிக்குப் போனது. கோகுலின் அம்மா அகல்யா அத்தை என் கையில் ஒரு டப்பா முறுக்கைத் திணித்துவிட்டு, "ஏல தினா, லீவுக்கு வந்துரு. வரலேன்னா பாத்துக்க" என்றார். கோகுல் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பெரிய மனுஷன் மாதிரி கையை ஆட்டினான். குமணன்சாவடி தாண்டியதும் தூங்கிவிட்டானாம். சரியான ஆள்.

சாயங்காலம் பின்வரிசைப் பக்கம் போகவில்லை. வேலை இருந்தது.

ஜூன் 4, புதன்

கோகுலிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். நாலு முறை கேட்டுவிட்டேன். அப்படியே எழுதுகிறேன்.

"மச்சான், சிரிக்காத. நேத்து கரண்டு போச்சு. எமர்ஜென்சி லைட் எடுக்கலாம்னு எழுந்து நேரா நம்ம ஊட்டு மாதிரி நாலு அடி வெச்சி லெஃப்ட்ல திரும்புனேன். அங்க செவுரு கீது. தடவிகினே போறேன், கால்ல இன்னாவோ மெத்துனு பட்டுது. கத்திட்டேன்டா. எங்கம்மா வெளக்கு எடுத்துகினு ஓடியாருது. பாத்தா அரிசி மூட்டை. இந்த ஊட்ல எது எங்க கீதுன்னே தெரியல மச்சான். சரி, அந்த ஒண்ணு உன் கணக்குல வெச்சிக்கோ. நீ எப்படியும் ஏற்கெனவே எழுதிகீற இல்ல?"

கடைசி வரியைக் கேட்டதும் காது சூடாகிவிட்டது. எழுதியிருக்கிறேன்தான். இந்த நோட்டில் அவன் கை வைத்ததே இல்லை, ஆனாலும் தெரிந்திருக்கிறது.

அவனே ஒப்புக்கொண்டபிறகு நான் மட்டும் எப்படி? 25ஆம் தேதி எழுதியதில் ஸ்கோரையும் அந்த 'வெற்றி'யையும் தவிர ஒரு வரிகூடப் பொய் இல்லை. அலறியது யார் என்று மட்டும் எழுதவில்லை.

நடந்தது இது. நான் மாவும் வேட்டியுமாக வரிசைக் கோடியைத் திரும்பும்போது, காவ்யா மெயினில் கைவைக்கும் முன்பே, நிஜமாகவே கரண்ட் போய்விட்டது. வரிசை மொத்தமும் கும்மிருட்டு. நீல பல்பும் இல்லை, நிலாவும் இல்லை. பின்கதவுகளை எண்ணிக்கொண்டே வந்தேன். எங்கேயோ ஒன்று குறைந்துவிட்டது. கதவு திறந்திருந்தது. காவ்யா சொன்ன வேலையைச் செய்துவிட்டாள் என்று சந்தோஷமாக உள்ளே போனேன். அதே சமையலறை, அதே மேடை, அதே நாலு அடி. ஹாலைப் பார்த்துக் குரலை இழுத்தேன்:

"கோகுல்... என்னைத் தனியா வுட்டுட்டுப் போறியா...?"

ஹாலில் ஓர் உருவம் திரும்பியது. முகம் வெள்ளை, கழுத்து வெள்ளை, மார்பு வெள்ளை. அது அப்போதுதான் போட்ட எமர்ஜென்சி லைட் தரையிலிருந்து மேலே அடித்ததில் கண் இரண்டும் குழி.

அலறியது நான். "அம்மா" என்றுதான் அலறினேன். ஒருமுறை இல்லை.

ஞானசேகரன் சார் வேர்க்குருவுக்காக உடம்பெல்லாம் சந்தனம் பூசிக்கொண்டு, காற்றுக்காகப் பின்கதவைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். அவர் கொஞ்சமும் பதறவில்லை.

"டேய், கோகுல் ஊடு பின்னாடி வரிசைடா. இது என் ஊடு" என்றார்.

எல்லோரும் டார்ச்சோடு ஓடிவந்தபோது நான் அவருடைய பிரிட்ஜைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். வாய் திறந்தபடி, நாக்கு நாவற்பழ நிறம். தீபிகா போட்டோ எடுத்துவிட்டாள். யூசுப் சிரித்துச் சிரித்து ரெயின்கோட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். சார் என்னைப் பிடித்து நிறுத்தியதில் அப்பாவின் பட்டு வேட்டி முழுக்க சந்தனம். அப்பா கையைப் பிசைந்துகொண்டு மன்னிப்புக் கேட்க, சார் சொன்னார்: "கம்ப்ளெயின்ட்லாம் இல்ல பால்ராஜு. புள்ள பாவம், கோகுல், என்ன வுட்டுட்டுப் போறியான்னு வந்து அழுவுறான். நான் இன்னா பதில் சொல்றது?" என் முதுகில் தட்டினார். பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அதுவரைக்கும் கோகுல்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். சார் அப்படிச் சொன்னதும் நிறுத்திவிட்டான். டார்ச்சை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். அவன் கண்ணில் தண்ணீர் வந்தது அப்போதுதான். பயத்தில் இல்லை. கழுத்திலிருந்த சாக்ஸைக் கழற்றி என்னிடம் நீட்டி, "மூஞ்ச தொடை, மாவு ஒழுவுது" என்றான். துடைத்தேன். துவைக்காத சாக்ஸ்.

மாவு ஏன் ஒழுகியது என்று இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஸ்கோரைத் திருத்துகிறேன்: தினகரன் 0. அரிசி மூட்டை 1.

இன்னும் ஒன்று பாக்கி. அந்த வசனத்தைப் பத்துமுறை ஒத்திகை பார்த்ததாக 21ஆம் தேதி பீற்றியிருக்கிறேன். அதுவும் புளுகு. ஒத்திகையே பார்க்கவில்லை. அந்த ஒரு வரிக்கு அது தேவைப்படவில்லை.