ஸ்பீக்கரில் போட ஏலாத விசயம்

அன்பின் வசந்தமலருக்கு,

கட்டாரில் நான் சுகம். உமது முழங்கால் நோ குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

பல நாள் யோசித்துப் பெரிய முடிவொன்று எடுத்திருக்கிறேன். இம்முறை தொலைபேசியில் கதைக்காமல், பேனாவால் எழுதுவது. நீர் தொலைபேசியை ஸ்பீக்கரில் போடுகிறீர். நான் வாய் திறக்கமுன் உம்முடைய தம்பி சுகிர்தன், "ஓம் அத்தான், சொல்லுங்கோ" என்கிறார். மட்டக்களப்பில் குடியிருப்பவர், உப்புவெளியில் எங்கள் குசினியை விட்டு ஏன் போகிறாரில்லை?

கௌசிகா எனக்கு மட்டும் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தாள்.

"அப்பா, மாமா விண்ணப்பத்தில வந்தாறுமூலைக் கம்பசைத்தான் முதலாவதாப் போடச் சொல்றார். எனக்குப் பேராதனைதான் விருப்பம். அம்மா மாமாட கதையத்தான் கேப்பா. நீங்க சொல்லுங்கோ."

அவளுடைய புள்ளிக்கு, முதலாவதாகப் போடும் பல்கலைக்கழகமே கிடைக்குமாம்.

மருமகளின் படிப்பில் சுகிர்தனுக்குள்ள அக்கறையை மதிக்கிறேன். அவருடைய வீடு அந்தக் கம்பசுக்குப் பக்கத்தில் இருப்பதும், அவருடைய பிள்ளைகள் இருவரும் கணக்குப் பாடத்தில் தவறியிருப்பதும் தற்செயலாக இருக்கலாம். என் அறையில் இருக்கும் மூதூர் றிஸ்வி, "உங்கட மச்சான் சம்பளமில்லாம டியூசன் டீச்சர் தேடுறார் அண்ணன்" என்று சிரிக்கிறான்.

மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது, கொஞ்சம் இடித்து அனுப்பும். வீட்டில் எல்லோரும் இருக்கும் படமொன்றும் வேண்டும். சுகிர்தன் இல்லாமல்.

வேலைக்குப் போகும் பஸ் வந்துவிட்டது. பேராதனையையே முதலாவதாகப் போடச் சொல்லும். இந்த வெள்ளிக்கிழமையோடு விண்ணப்பம் முடிகிறதாம். தபாலை நான் நம்புவதில்லை. லீவில் வரும் றிஸ்வி இதை உமது கையிலேயே தருவான். அவன் அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறான்.

தவராசா