இரண்டு பேர் சொன்ன சேதி

ஜூன் 8, ஞாயிறு

எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. கேன் தண்ணீர் வரவில்லை. கௌரிக்கு மூட்டுவலித் தைலம் வாங்க வேண்டும்.

இருவரும் ஐயப்பன்தாங்கல் போய்வந்தோம். பஸ் டெப்போவுக்குப் பின்னால் உள்ள தெரு. போன வாரம் அந்தப் பக்கம் போனபோது கேட்டில் தொங்கிய அட்டை: "வீடு விற்பனைக்கு. புரோக்கர்கள் வர வேண்டாம்." கையெழுத்து சுத்தம்.

வீட்டுக்காரர் பெயர் தங்கராசு. ஆவடியில் ஃபேக்டரி வெல்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிப் பக்கம், பேச்சில் அது இன்னும் போகவில்லை. குவார்ட்டர்ஸில் குடியிருந்துகொண்டே ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கட்டிய வீடாம். ஜன்னல் கம்பி எல்லாம் அவரே பற்றவைத்தது. ஒரு ஜன்னல் மாதிரி இன்னொரு ஜன்னல் இல்லை. மனைவி போனபின் தனியாள். கோயம்புத்தூரில் மகனோடு இருக்கப் போகிறார்.

"பக்கத்து ரெண்டு மனையும் பில்டர் கையில சார். எங்கிட்டயும் வந்து வந்து கேக்கான். குடியிருக்க வாரவங்களுக்குத்தான் குடுப்பேன்னு சொல்லிட்டேன். அவன் வாங்கினா இடிப்பான்லா."

தரைத்தளம். படியே இல்லை. இப்போது இருக்கும் முகப்பேர் வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. கௌரி பள்ளிக்கூட வேலை முடிந்து வந்தால் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்று ஏறுகிறாள். அந்த வீட்டையும் ஆவணிக்குள் காலி செய்யச் சொல்லியாகிவிட்டது. முகப்பேர் வீட்டுக்காரர் மகனுக்குக் கல்யாணம்.

தங்கராசு வீட்டு ஹால் சுவரைக் கௌரி விரலால் தட்டிப் பார்த்தாள்.

"செங்கல்தாம்மா. எங்க வேணும்னாலும் ஆணி அடிச்சுக்கிடலாம்."

சிரித்தாள். கல்யாணமானதிலிருந்து வாடகை வீடுதான். எந்த வீட்டுக்காரரும் ஆணி அடிக்க விட்டதில்லை. எங்கள் சுவர்க்கடிகாரம் ஃபிரிட்ஜ் மேல் சாய்ந்துகொண்டிருக்கிறது. கதவைத் திறக்கும்போதெல்லாம் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொள்வோம்.

பைக்கில் திரும்பும்போது, போரூர் சிக்னலில் கௌரி: "பிடிச்சிருக்கு."

ஜூன் 10, செவ்வாய்

செய்தது: தாய்ப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாவற்றின் நகலும் வக்கீலிடம். வங்கியில் மேனேஜரைப் பார்த்தாயிற்று. லோன் கிடைக்கும் என்கிறார். தைலம் மறந்துவிட்டேன்.

காகிதம் பாதி, தெரு பாதி. பத்திரிகை வேலையில் இருந்தவரை எதையும் அப்படித்தான் விசாரித்தேன். சாயங்காலம் தனியாக மறுபடி அந்தத் தெரு. முனையில் தள்ளுவண்டியில் துணி தேய்க்கிறவர், மூர்த்தி. முதலில் என் பைக்கைப் பார்த்தார். ஓய்வு பெற்று ஒரு வருஷம் ஆகியும் PRESS ஸ்டிக்கரை நான் எடுக்கவில்லை.

"இன்னா சார், பேப்பர்லர்ந்து வர்றீங்களா?"

"வீடு விஷயமா விசாரிக்க வந்தேன். தங்கராசு வீடு."

"பெல்டிங் தாத்தா ஊடா? தங்கமான மன்சன் சார்."

மழைத் தண்ணீர்? "முட்டி வரிக்கும் நிக்கும். ஒரு நாளு. அப்பால வடிஞ்சிரும்." கேஸ், தகராறு? அப்படி ஒன்றும் தெரியாதாம். கடைசியாகக் கேட்டேன்: "மெட்ரோ ஸ்டேஷன் வருதே, அதுக்கு வழி விட இந்தத் தெருவ அகலப்படுத்தப் போறாங்க, வீட்டு முன்பக்கம் போகும்னு ஏதாவது பேச்சு உண்டா?"

"அப்டியா சார்?"

அவருக்குத் தெரியாது. யாருமே சொல்லாத விஷயம்தான். மெயின் ரோட்டில் மெட்ரோ தூண்களைப் பார்த்ததும் நானாக யோசித்த கேள்வி. இதைக் கேட்காமல் விட்டிருந்தால் என்னையே மன்னித்திருக்க மாட்டேன்.

ஜூன் 13, வெள்ளி

ராத்திரி நல்ல மழை. துணி நனைந்துவிட்டது.

வக்கீல் போன். "பேப்பர் எல்லாம் சுத்தம் சார். கண்ண மூடிட்டு வாங்கலாம்." கண்ணை மூடிக்கொண்டு நான் எதையும் வாங்கியதில்லை. கத்திரிக்காய்கூட.

தங்கராசுவும் பேசினார். மதுரைப் பக்கத்து ஐடி தம்பதி ஒன்றும் வந்து பார்த்திருக்கிறதாம். "ஆனா நீங்கதான் முதல்ல வந்தீக. ஆடி பொறந்துட்டா யாரும் அட்வான்ஸ் குடுக்க மாட்டாக, வாங்கவும் மாட்டாக. அதுக்குள்ள முடிச்சுட்டா ஆவணியில பால் காய்ச்சிரலாம்."

"கொஞ்சம் விசாரிச்சுட்டு ஞாயித்துக்கிழம சொல்றேன்" என்றேன்.

"விசாரிங்க சார், நல்லா விசாரிங்க. அப்படிப்பட்டவங்கதான் வீட்ட வச்சுக் காப்பாத்துவாக."

கௌரி எங்கள் தெரு மளிகைக் கடையில் காலி அட்டைப் பெட்டிகள் சொல்லிவைத்திருக்கிறாள். என்னிடம் சொல்லவில்லை. கடைக்காரப் பெண் சொல்லித்தான் தெரிந்தது.

ஜூன் 15, ஞாயிறு

புழுக்கம். ஐயப்பன்தாங்கல். நேரே தங்கராசு வீட்டுக்குப் போகாமல் அவர் தெரு மளிகைக் கடையில் ஒரு சோடா. கடை நடத்தும் பாக்கியம்மா, நான் வாயைத் திறக்கும் முன்பே:

"அந்த ஊட்டயா சார் பாக்குறீங்க? ரோடு போடப் போறாங்களாமே. முன்னாடி ரூமெல்லாம் பூடுமாம்."

சோடாவைப் பாதியில் வைத்துவிட்டேன்.

தங்கராசு வீட்டு வாசலில் ஒரு கார். ஐடி தம்பதி. அந்தப் பையன் மரியாதையாக ஒதுக்குப்புறமாக அழைத்துப்போய்ச் சொன்னான். "நீங்களும் பாக்கறீங்களா சார்? தெருவை அகலப்படுத்தப் போறாங்களாம். நாங்க வேணாம்னு முடிவு பண்ணிட்டோம். பெரியவர்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் நிக்கறோம்." நம்பர் கொடுத்தான்.

ஒருவர் சொன்னால் வதந்தி. ஒருவருக்கொருவர் தொடர்பில்லாத இரண்டு பேர் சொன்னால் சேதி. நான் வேலை பார்த்த ஆபீஸில் புதிதாக வருகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லியிருக்கிறேன். உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

கௌரி பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"நிச்சயமா?"

"ரெண்டு பேர் சொல்றாங்க."

"சரி." நறுக்குவதை நிறுத்தவில்லை.

ஜூன் 16, திங்கள்

தங்கராசுவுக்குப் போன் செய்தேன். காரணத்தை மறைக்கக்கூடாது என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

"எனக்கு ஒரு நோட்டீசும் வரலையே சார்."

"வரதுக்கு முன்னாடியே பேச்சு வந்துடும் ஐயா. ரெண்டு இடத்துல கேட்டுட்டேன்."

போனில் அவருக்குப் பின்னால் குக்கர் விசில்.

"அந்தத் தம்பியும் நேத்து அதத்தான் சொன்னாரு. நான் நம்பல. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். நீங்க சேதி எழுதுனவரு."

தைலம் வாங்கினேன்.

ஜூன் 19, வியாழன்

கௌரிக்கு டாக்டர். படி ஏறுவதைக் குறைக்கச் சொல்கிறார். அவள் என்னைப் பார்க்கவில்லை, டாக்டர் மேஜையில் இருந்த பிளாஸ்டிக் முழங்காலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மத்தியானம் பூந்தமல்லி. தாலுகா ஆபீஸில் வேறு வேலை. பழைய பழக்கத்தில் ஒரு சர்வேயரைத் தெரியும். டீ குடிக்கும்போது அந்தத் தெருப் பேச்சு வந்தது. சிரித்துவிட்டார்.

"அந்தத் தெருவா? முட்டுச்சந்து சார் அது. அகலப்படுத்தி எங்க கொண்டுபோவாங்க, கெணத்துக்குள்ளயா? அப்படி ஒண்ணும் கிடையாது. யார் சொன்னது?"

"ரெண்டு பேர்."

"அவங்களுக்கு யார் சொன்னதாம்?"

நான் கேட்கவில்லை. ஊரில் யாரிடமும் கேட்கத் தவறாத கேள்வி. தெருவின் கோடி வரை நடந்தும் பார்க்கவில்லை.

ஜூன் 20, வெள்ளி

காலை, ஐடி பையனுக்குப் போன். யார் சொன்னது? "முனைல அயர்ன் பண்றவர் சார்."

பாக்கியம்மா கடை. "மூர்த்திதான் சொன்னான். ஏன் சார்?"

தள்ளுவண்டி. பெட்டியில் கரி சிவந்திருந்தது. ஒரு சட்டையை முடிக்கும் வரை நின்றேன்.

"மூர்த்தி, தெருவை அகலப்படுத்தறாங்கன்னு உங்களுக்கு யார் சொன்னது?"

"இன்னா சார், நீங்கதானே?"

"நான் சொல்லலயே. கேட்டேன்."

"பேப்பர்காரரு பைக்ல வந்து எறங்கி, ஸ்டேசனுக்கு வழி, ஊட்டு முன்பக்கம் பூடும்னு கேக்குறாரு. சும்மாவா கேப்பாருன்னு நென்ச்சோம். டாக்டரு தொட்டுப் பாத்து 'இங்க வலிக்குதா'ன்னு கேட்டா வலிக்காதவனுக்கும் வலிக்கும் சார்." பெட்டியைத் தூக்கி வைத்தார். "ஏன், அப்டி இல்லியா?"

"இல்ல."

"அட போ சார். தெருவே பேசிகினு கீது. எதிர் ஊட்டுக்காரு மாடி எடுக்கிறத நிறுத்திட்டாரு."

இரண்டு பேர். இரண்டு பேருக்கும் மூலம் ஒருவர். அவருக்கு மூலம் நான். நான் போட்ட கேள்வியே தெருவைச் சுற்றி வந்து எனக்குப் பதிலாக நின்றிருக்கிறது. அதை வைத்துக்கொண்டு வீட்டுக்காரரிடமே போய் உறுதி என்று சொல்லியிருக்கிறேன்.

தங்கராசு வீடு பூட்டிக் கிடந்தது. போனும் எடுக்கவில்லை.

ஜூன் 21, சனி

மேகமூட்டம். கௌரியிடம் எதுவும் சொல்லாமல் கிளம்பினேன். சொன்ன விலைக்கே வாங்குவது, ஆடிக்கு முன்னாலேயே அட்வான்ஸ். வழியெல்லாம் இதையே சொல்லிப் பார்த்துக்கொண்டு போனேன்.

இருந்தார். ஹாலில் பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். நான் தொடங்கும் முன்பே:

"நேத்து பில்டர்கிட்ட அட்வான்ஸ் வாங்கிட்டேன் சார்."

விலையைக் குறைத்துத்தான் கேட்டானாம். ரோடு விஷயம் அவன் காதுக்கும் போயிருக்கிறது. பயமா என்று இவர் கேட்டதற்கு, "எனக்கு என்ன சார் பயம், போறது போக மிச்சத்துல கட்டிக்கறேன்" என்றானாம்.

எல்லாவற்றையும் சொன்னேன். சர்வேயர் சொன்னது, மூர்த்தியிடம் நான் கேட்டது. திருப்பிக் கொடுத்துவிடலாமே, நானே அவனிடம் பேசுகிறேன் என்றேன்.

சாக்குக் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"வாக்கு குடுத்துட்டேன்லா."

"தப்பு என்னுதுங்கய்யா."

"நீங்க கேட்டதுல தப்பில்ல சார். வீடு வாங்குதவன் கேக்கத்தான் செய்வான்." அடுத்த சாக்கை எடுத்துக்கொண்டே, "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். முட்டுச்சந்துன்னு சொல்லியிருப்பேன்."

உண்மைதான். அவர் விற்கிறவர், அவர் பேச்சை எடுத்துக்கொள்ளக்கூடாது என்று முதல் நாளே கணக்கிலிருந்து தள்ளிவிட்டேன்.

கருப்பட்டிக் காப்பி கொடுத்தார். குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 22, ஞாயிறு

கௌரியிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். துணி மடித்துக்கொண்டே கேட்டாள். கடைசியில்:

"தெரு பூராவும் கேட்டீங்க. வக்கீலக் கேட்டீங்க, பேங்க்கக் கேட்டீங்க. நான் பிடிச்சிருக்குன்னு சொன்னேனே, அது ஒரு சேதியாவே படலையா?"

"காப்பி போடட்டுமா?" என்றேன்.

"பால் இல்ல."

பைக் ஸ்டிக்கரைச் சுரண்டினேன். பாதிதான் வந்தது.

ஜூலை 3, வியாழன்

மாங்காடு போக வேண்டிய வேலை. அந்தத் தெரு வழி இல்லை. ஆனாலும் போனேன்.

தங்கராசு பத்திரம் முடித்துக் கொடுத்துவிட்டுப் போன திங்கட்கிழமை கோயம்புத்தூர் போய்விட்டார் என்றார் மூர்த்தி. வாசலில் பழைய இரும்புக்காரன் தட்டுவண்டி. ஜன்னல் கம்பிகள் ஒன்றன்மேல் ஒன்றாக. ஒன்றில் மீன், ஒன்றில் சூரியன், ஒன்றில் கட்டம் கட்டமாக ஏதோ கோலம். வண்டிக்காரன் அவற்றை எடை போட்டுக்கொண்டிருந்தான்.

"இப்ப இன்னா சொல்றாங்க சார்," மூர்த்தி குரலைத் தாழ்த்தினார், "ரோடு வராதாமே?"

"வராது."

"நீங்க சொன்னா சரி."

கௌரிக்கு இதைச் சொல்லவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

வெயில் குறைவு. அம்பத்தூரில் வாடகைக்கு ஒரு வீடு. தரைத்தளம்தான். முன்னால் அபார்ட்மென்ட் வேலை நடக்கிறது, ஒரே தூசி. அவள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். வீட்டுக்காரர் மாடியில், அளவாகப் பேசுகிறவர். தண்ணீர், கரண்ட், குப்பை எல்லாம் அவரே சொல்லிவிட்டார்.

"வேற ஏதாவது விசாரிக்கணுமா சார்?"

தெருவில் ஒரு டீக்கடை, ஒரு டெய்லர், ஒரு அயர்ன் வண்டி. வரும்போதே பார்த்துவைத்திருந்தேன்.

"ஒண்ணுமில்ல" என்றேன்.

கௌரி ஹால் சுவரில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள். திரும்பாமலே வீட்டுக்காரரிடம் கேட்டாள்:

"ஆணி அடிக்கலாமா சார்?"