தானே பூட்டிக்கொண்ட கார்

என் ஆசை மாமாவுக்கு,

நலமா என்று எழுதத்தான் கை போகிறது. நீங்கள் பதில் சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறீர்கள். அதனால் இங்கே நடந்ததை நானே சொல்கிறேன். இருங்காட்டுக்கோட்டையில் கார் எலக்ட்ரிக் வேலைக்கு நீங்கள் போட்ட நம் ஷெட் இன்றும் திறந்துதான் இருக்கிறது. காலையில் ஷட்டரைத் தூக்குவது நான்.

மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோன பிறகு, கடை எதற்கு என்று எல்லோரும் கேட்டார்கள். உங்கள் தம்பி சேகர், செல்போன் கடைக்கு இடம் தேடிய ஒருவரைக் கூட்டியே வந்துவிட்டார். "அண்ணி, ஒண்டியா நீ இன்னா பண்ணுவ? உட்டுரு" என்றார். கெட்ட எண்ணம் இல்லை, பயம். எனக்கும் அந்தப் பயம் இருந்தது.

ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் நான் எங்கே வேலை பார்த்தேன் என்பதை எல்லோரும் மறந்துவிட்டார்கள். காருக்கு வயர் கட்டும் கம்பெனியில், கதவுக்குள் போகிற வயர்களைக் கட்டும் லைனில். பெண் பார்க்க வந்த அன்று என்னிடம் நீங்கள் பேசியதே அதைப் பற்றித்தானே? "கதவு வயரா? பவர் விண்டோவுக்குப் போற கலர் எது?" என்று கேட்டீர்கள். நான் சொன்னேன். "பொண்ணுகிட்ட கேக்குற கேள்வியாடா இது?" என்று உங்கள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

போன வைகாசியில் ஒரு நாள், நல்ல வெயில். ஒரு டிராவல்ஸ் கார் நம் ஷெட் வாசலில் வந்து நின்றது. டிரைவர் பாபு இறங்கிக் கதவைச் சாத்தினான். சாத்திய வேகத்தில் நாலு கதவும் தானாகப் பூட்டிக்கொண்டன. சாவி உள்ளே. முன் சீட்டில் ஒரு வயதான அம்மா. பின் சீட்டில் அவருடைய மருமகள், நிறைமாதம், வலி எடுத்துச் சாய்ந்து கிடந்தாள்.

"அக்கா, ஆஸ்பத்திரிக்குப் போய்க்கினு இருந்தோம். வழியெல்லாம் லாக்கு தானா வுழுந்துக்கினே கீது. கண்ணாடி ஒண்ணும் எறங்கல. இன்னா ஏதுன்னு காட்டலாம்னு எறங்கினேன், மாட்டிக்கிச்சு!" பாபு அழுதுவிடுவான் போலிருந்தது.

அந்த அம்மா பூட்டுக் குமிழை மேலே இழுப்பதும், அது டப்பென்று மறுபடி விழுவதும் கண்ணாடி வழியாகத் தெரிந்தது. "எம்மா, தூக்கத் தூக்க விழுதே! மருமவளுக்கு மூச்சு முட்டுது!" என்று கத்தினார். திருநெல்வேலிப் பக்கத்துப் பேச்சு. அவர் மகன் இங்கே கார் கம்பெனியில் ஷிப்டில் இருந்தான்.

நெடுஞ்சாலையில் போனவர்கள் கூடிவிட்டார்கள். சேகரும் ஓடி வந்தார். "கண்ணாடிய ஒடைங்கப்பா!" என்று ஒருவர் கல்லைத் தூக்கினார். நான் குறுக்கே போய் நின்றேன். "ஒரு நிமிஷம் குடுங்க. தொறக்கலைன்னா நானே ஒடைக்கிறேன்" என்றேன். என் குரலா அது என்று எனக்கே சந்தேகமாக இருந்தது, மாமா.

எங்கோ ஒரு வயர் உரசிப் பூட்டச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. கரண்டை நிறுத்தினால் பூட்டும் சும்மா இருக்கும். பேட்டரி பானெட்டுக்குள். பானெட்டைத் திறக்கிற பிடி காருக்குள்.

டிரைவர் பக்கக் கண்ணாடியில் முகத்தை ஒட்டி, விரலால் காட்டினேன். "அம்மா, இந்தப் பக்கம் சாய்ங்க. ஸ்டியரிங்குக்குக் கீழ, வலது பக்கம், சின்னதா ஒரு பிடி இருக்கும். பயப்படாம இழுங்க."

அவர் தடவினார். கிடைக்கவில்லை. "எங்கம்மா இருக்கு? எனக்கு ஒண்ணும் தெரியலையே!" இன்னும் கீழே, இன்னும் கீழே என்று காட்டினேன். பிடி அகப்பட்டதும் இழுத்தார், பானெட் டக்கென்று எழும்பியது. ஸ்பானரை எடுத்துப் பேட்டரி வயரைக் கழற்றினேன். டப் டப் சத்தம் நின்றது. "இப்ப குமிழைத் தூக்குங்க!" தூக்கினார். விழவில்லை. கதவு திறந்தது.

சேகர் தன் நண்பரின் வேனை மறித்து இருவரையும் ஏற்றிக்கொண்டு போனார். நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிறகு காரைப் பார்த்தேன். கண்ணாடி இறங்கவில்லை என்று டிராவல்ஸ்காரர்கள் ஏற்கெனவே சுவிட்சை மாற்றியிருந்தார்கள். ஃபியூஸ் நன்றாக இருந்தது. ஜன்னல் மோட்டாருக்கு நேராகக் கரண்ட் கொடுத்தேன், ஓடியது. அப்படியானால் பழுது, கரண்ட் வருகிற வயரில்தான். டிரைவர் கதவுக் கீல் பக்கத்து ரப்பர் குழாயை இழுத்தேன். கதவைத் தினமும் திறந்து மூடித் திறந்து மூடியே, உள்ளே மடிகிற இடத்தில் வயர்கள் அறுந்திருந்தன. ஒன்றின் மேல் ஒன்று உரசிக்கொண்டும் இருந்தன. இந்த இடத்தில் வயரைக் கொஞ்சம் தளர்வாக விடு என்று லைனில் சூப்பர்வைசர் ஏன் அப்படிக் கத்துவார் என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். ஒவ்வொன்றாக ஒட்டவைத்து, உறை போட்டுச் சுற்றினேன். பேட்டரியை மாட்டி சுவிட்சை அழுத்தினால், நாலு கண்ணாடியும் சர்ரென்று இறங்கின.

சாயங்காலம் சேகர் திரும்பி வந்தார். "பொம்பளப் புள்ள அண்ணி. ரெண்டு பேரும் நல்லா கீறாங்க" என்றார். பிறகு, "செல்போன்காரன வேற எடம் பாத்துக்க சொல்லிட்டேன்" என்றார். அவர் குரலில் இருந்தது என்ன, மாமா? நம் கல்யாணத்தில் நீங்கள் என்னை உங்கள் நண்பர்களுக்குக் காட்டியபோது இருந்த அதே பெருமைதானே?

இப்போது வல்லம் வடகால், ஒரகடம் பக்கமிருந்தெல்லாம் வண்டிகள் வருகின்றன. கண்ணாடி இறங்கலையா, கதவு பூட்டலையா, தனம் அக்காகிட்ட போ என்கிறார்களாம். அந்தக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாவும் ஒரு நாள் வந்தார். "ஒன் கை நல்லாருக்கணும் தாயி" என்று கிரீஸ் ஒட்டிய என் கையைப் பிடித்து முத்தமிட்டார். நீங்கள் இருந்திருந்தால், சாப்பாட்டுக்கு முன்னால் கழுவச் சொல்லி இந்தக் கையைப் பிடித்துப் பார்த்திருப்பீர்கள், இல்லையா?

ஒரு வாக்குக் கொடுக்கிறேன். காரைச் சரிசெய்கிறவளுக்கு ஓட்டத் தெரியவில்லை என்று பாபு கேலி செய்கிறான். அடுத்த மாதம் டிரைவிங் பள்ளியில் சேர்கிறேன். லைசென்ஸ் வந்ததும் உங்கள் அம்மாவை முன் சீட்டில் உட்காரவைத்து, வாலாஜாபாத் வரை நானே ஓட்டிக்கொண்டு போவேன். வழியில் அவர் பக்கத்துக் கண்ணாடியை நானே இறக்கிவிடுவேன். காற்று அவர் முகத்தில் அடிக்கும்போது உங்களைப் பற்றிச் சிரித்துப் பேசுவோம்.

என்றும் உங்கள் வீட்டுக்காரி,
தனலட்சுமி ஏழுமலை