எனக்காக மாட்டிய பிரேக் பேடு

இன்று காலை ஒரகடம் ரோட்டு மெக்கானிக், நம் காரின் முன்சக்கரத்திலிருந்து கழற்றிய பிரேக் டிஸ்க்கை என் முன்னால் போட்டார். நீலம் பாரித்துக் கிடந்தது. கூடவே வந்த பேடுகளில் கருகல் வாடை. நீங்கள் போய் எட்டு மாதம் ஆகிறது, அந்த வாடைக்கு வரும் எரிச்சல் மட்டும் எனக்குக் குறையவில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரேஸ் டிராக்கிலிருந்து நீங்கள் வீட்டுக்குள் கொண்டுவரும் வாடை அது. சட்டையை வாசலிலேயே கழற்றச் சொல்லி எத்தனை முறை கத்தியிருப்பேன்.

பிரேக் மிதித்தால் ஸ்டீயரிங் ஆடுகிறது என்றுதான் வண்டியைக் கொண்டுபோனேன். தினமும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சுங்குவார்சத்திரத்துக்குக் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போய் வருகிறவள், விளையாட முடியுமா. "டிஸ்க்கு, பேடு ரெண்டுமே போச்சுக்கா. இன்னா போடலாம்? ரோட்டுக்கா, டிராக்குக்கா?" என்று கேட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நம் குடித்தனத்தில் பாதிச் சண்டை இந்தக் கேள்விக்காக நடந்ததுதானே.

வாரத்தில் ஆறு நாள் கம்பெனியில் பிரேக் சோதிக்கிற உத்தியோகம். ஏழாம் நாள் அதே பிரேக்கை டிராக்கில் போய்ச் சோதிப்பீர்கள். மிச்சமிருந்த நேரத்தில் எனக்குப் பாடம். "டிராக் பேடு சூடு ஏறுனாத்தான் புடிக்கும். ரோட்டு பேடு அந்தச் சூட்டத் தாங்காது. ரெண்டுக்கும் ஒரே பேடுன்னு எவன் வித்தாலும் நம்பாத." துளை போட்ட டிஸ்க் பார்க்க அழகு, சூட்டில் விரிசல் விடும், டிராக்குக்குப் பள்ளம் வெட்டியது தேவலை, ரோட்டுக்குச் சாதா டிஸ்க்கே போதும். தட்டில் குழம்பு ஆறிக்கொண்டிருக்கும்.

பாடமெல்லாம் சரி. ஞாயிறு காலையில் மாட்டிய டிராக் பேடைச் சாயங்காலம் கழற்ற மட்டும் உங்களுக்கு உடம்பு வணங்காது. திங்கட்கிழமை அதோடு நான் வேலைக்குப் போக வேண்டும். ஒவ்வொரு சிக்னலிலும் அது போடும் கீச்சுச் சத்தத்தில் ஷேர் ஆட்டோவில் இருப்பவர்கள் எல்லாம் திரும்பிப் பார்ப்பார்கள். ஒரு மழைநாள் காலை, சத்திரம் பஸ் ஸ்டாப்பில் முன்னால் போன கம்பெனி வேன் சட்டென்று நின்றது. மிதித்தேன். குளிர்ந்து கிடந்த பேடு பிடிக்கவே இல்லை. வேனுக்கு ஒரு சாண் பின்னால்தான் வண்டி நின்றது.

அன்று வீட்டுக்கு வந்து நான் பேசாத பேச்சில்லை. "இனிமே அந்தப் பேடு இந்த வண்டியில இருந்துச்சுன்னா நான் பஸ்ல போறேன். உங்க டிராக்க நீங்களே கட்டிக்கினு அழுவுங்க." நீங்கள் தலையைக் குனிந்துகொண்டு நின்றீர்கள். அடுத்த வாரம், "மாத்திட்டேன், இனிமே சத்தம் வராது" என்றீர்கள். வரவில்லை. ஞாயிறுகளில் டிராக்குக்கும் போய்க்கொண்டுதான் இருந்தீர்கள். அங்கே போய் மாற்றிக்கொள்கிறீர்கள் என்று நினைத்தேன். பிரேக் எப்படி என்று ஒருநாள் கேட்டதற்கு, "சூப்பரா கீது" என்றீர்கள்.

மெக்கானிக் பேடைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது ரோட்டு பேடுக்கா. இதப் போட்டுக்கினே டிராக்ல ஓட்டிருக்காரு சாரு. சும்மா ரோட்ல ஓட்டுனா இப்டிக் கருகாது."

"அந்த டிராக் பேடு?" என்று கேட்டேன்.

ரேக்கைக் காட்டினார். டேப் ஒட்டிய டப்பா தூசி படிந்திருந்தது. "என்கிட்டயே வெச்சிக்கச் சொன்னாரு. திரும்ப வந்து வாங்கவே இல்ல. நான் கேட்டதுக்கு, மாத்த மறந்துட்டா அவதான்பா மாட்டிக்குவான்னாரு."

அங்கே வைத்தே உங்களைத் திட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை டயர் இடுக்கெல்லாம் சரளைக்கல்லோடு வந்து, பார்க்கிங்கில் ஒட்டியது என்றீர்களே, ஞாபகம் இருக்கிறதா? பிரேக் பிடிக்காமல் திருப்பத்தில் டிராக்கை விட்டு ஓரத்துச் சரளையில் பாய்ந்திருக்கிறீர்கள். நான் அந்தக் கல்லைக் குச்சியால் நோண்டி எடுத்துக்கொண்டே வண்டியைக் கழுவியிருக்கிறேன். தெரியாதவர் செய்தால் போகட்டும் என்று விடலாம். பிரேக் எந்தச் சூட்டில் கைவிடும் என்று பக்கம் பக்கமாக ரிப்போர்ட் எழுதிய மனுஷன் செய்கிற காரியமா இது? சாயங்காலம் அரை மணி நேரம் குனிந்து பேடை மாற்றியிருந்தால் முடிந்தது. இல்லையென்றால், "எனக்கு அந்தப் பேடு வேணும்" என்று என்னோடு எதிர்த்துச் சண்டை போட்டிருக்கலாம். சத்தம்தானே, காதைப் பொத்திக்கொண்டு ஓட்டியிருப்பேன்.

ரோட்டுப் பேடும் சாதா டிஸ்க்கும் போடச் சொன்னேன். புது பேடு டிஸ்க்கோடு படிவதற்காக சிப்காட்டின் காலி ரோட்டில் வேகமெடுப்பதும் மெல்ல மிதிப்பதுமாகப் பத்துப் பன்னிரண்டு தடவை ஓட்டினேன். நீங்கள் சொல்லிக்கொடுத்த மாதிரிதான். வண்டி ஆடாமல் நின்றது. ஓரங்கட்டிவிட்டு அழுதேன்.

கடைசி நாள் காலை ஷிப்ட் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது நெஞ்சைத் தடவிக்கொண்டிருந்தீர்கள். என்ன என்று கேட்டேன். கேஸ் ட்ரபிள் என்றீர்கள். பஸ் ஒரகடம் தாண்டுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பேடு விஷயம் தெரியாதவரை, அதை உங்கள் விதி என்று வைத்திருந்தேன். இப்போது அப்படி வைக்க முடியவில்லை. உங்களுக்கு ஒன்று என்றால் என்னிடம் வாயைத் திறக்க முடியாத அளவுக்கா நான் கத்தினேன்?