மீனத்தில் பறித்த பன்னல்

அந்தத் துணி இன்னும் அந்தச் செடியில்தான் இருந்தது. பாலராமபுரம் கைத்தறி முண்டின் கரையிலிருந்து நான் கத்தரித்துத் தந்த துண்டு, விரல் அகலம்கூட இருக்காது. பச்சைக் கரை வெளுத்துப் போயிருந்தது. முடிச்சு மட்டும் நீ போட்டபடியே இறுக்கமாக இருந்தது. ஆஸ்பத்திரியில் முப்பது வருடம் கட்டுப் போட்ட கையல்லவா.

நேற்று ஒற்றசேகரமங்கலத்தில் உன் அண்ணன் பேரனுக்கு ஞானஸ்நானம். குழந்தைக்கு உடுப்புத் தைத்துக் கொடுத்தவள் என்ற வகையில் எனக்கும் அழைப்பு உண்டு. சாப்பிட்டதும் எல்லோரும் போட்டோ எடுக்கப் போனார்கள். நான் உன் அண்ணன் வீட்டுப் பின்பக்கம் ரப்பர் தோட்டத்துச் சரிவில் இறங்கினேன். உன்னைத் தேடிப் போனேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் மேல் உள்ள கோபம் இந்த ஒரு வருடத்தில் எனக்குக் கொஞ்சமும் குறையவில்லை. மண்திட்டின் இடுக்கில் அந்தப் பன்னல் இலைகளைச் சுருட்டி, வெள்ளை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. பங்குனியில் கொளுத்தும் மீன மாத வெயில். சுற்றிலும் மற்றதெல்லாம் சருகாகிவிட்டது.

பெரணி என்று புத்தகத்தில் எழுதுவார்கள். நமக்கு அது பன்னல்தான். நம் இரண்டு வீட்டுக்கும் நடுவில் நிற்கும் அயினிப் பலா மரத்தின் நிழலில் நான் முதலில் ரோஜா வைத்தேன், செத்தது. முல்லை வைத்தேன், ஒரு பூகூடப் பூக்காமல் வெளிறிச் செத்தது. பிறகு நர்சரியிலிருந்து தொங்கும் தொட்டியோடு பன்னல் வாங்கி வந்தேன், மூன்று தடவை. மூன்றாவதும் காய்ந்த அன்று நீ வேலிப்பக்கம் வந்து நின்றாய்.

"மழையத்து பாத்து வாங்கினா எல்லாம் அழகாத்தான் இருக்கும். மீனத்துல போய்ப் பாரு மக்கா. அப்பம் எது உயிரோட கிடக்கோ, அதாக்கும் நமக்குள்ளது."

அப்படித்தான் நம் வழக்கம் தொடங்கியது. கொளுத்தும் வெயிலில் உன் அண்ணன் தோட்டத்துச் சரிவில் ஏறுவோம். வாடாமல் நிற்பதைக் கண்டால் நீ குனிந்து அதன் அடியில் கரைத்துணியைக் கட்டுவாய். தொட்டுப் பார்க்கலாம், பறிக்கக் கூடாது. வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்த பிறகு திரும்ப வந்து, துணி கட்டியதை மட்டும் மண்ணோடு பெயர்த்து எடுப்போம். மழையில் அத்தனையும் ஒரேபோலப் பச்சையாக நிற்கும்போது அந்தத் துணி இல்லாவிட்டால் எது எதுவென்று நமக்கு எப்படித் தெரியும்?

நடுவதற்கும் உன் சட்டம்தான். அடியில் செங்கல் உடைசல், மேலே அயினிச் சருகு மக்கிய மண், சுற்றிலும் ஈரம் காக்கத் தேங்காய் மட்டையின் தொண்டு. "குருத்து மண்ணுக்குள்ள போகப்பிடாது, கேட்டியா. மூச்சு முட்டிப் போகும்." முதல் வேனல் முழுக்கத் தண்ணீர் விட வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் பிறகு அதுவே பார்த்துக்கொள்ளும்.

முதல் வருடம் இலைக்கு அடியில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகளைக் கண்டு, பூச்சி பிடித்துவிட்டது என்று பழைய பல்துலக்கும் பிரஷை எடுத்து சோப்புத் தண்ணீரில் தேய்த்துக் கழுவினேன். ஒரு காலை முழுக்க அந்த வேலைதான். நீ டூட்டி முடிந்து வந்து பார்த்துவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தாய். "அது பூச்சியில்ல. அதுக்க பிள்ளையளாக்கும். எல்லாத்தையும் கழுவிக் களஞ்சிட்டியே, பாவி." அன்றைக்குப் பிறகு உதியன்குளங்கரையில் என் தையல்கடைக்கு வரும்போதெல்லாம், "பிரஷ் உண்டா?" என்று கேட்டுத்தான் உள்ளே வருவாய். உன்னை நினைத்துச் சிரிக்க முடிவது இந்த ஒன்றுக்கு மட்டும்தான். அதுவும் பாதியில் நின்றுவிடுகிறது.

என் வீட்டுக்காரர் போன அன்று நீதான் என் பக்கத்தில் இருந்தாய். எல்லாரும் அழச் சொன்னார்கள். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ தாங்குவா மக்கா" என்றாய். அப்போது அது ஆறுதலாக இருந்தது. பிறகு எதற்கும் நீ அதையே சொன்னாய். கடை வாடகை ஏறியபோது, என் கண்ணில் புரை விழுந்தபோது, என் மகன் ஃபோன் எடுக்காமல் இருந்தபோது. தாங்கும் என்று ஒன்றைப் பற்றிச் சொல்லிவிட்டால் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டியதில்லை. இது எனக்குப் பிந்திப் புரிந்தது.

கடைசியாக நாம் ஏறிய மீனத்தில் நீ நடுச்சரிவில் ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாய். உதடு வெளுத்திருந்தது. கேட்டதற்கு, "வெயிலாக்கும்" என்றாய். எட்டுச் செடிக்குக் கட்டினோம். ஒன்பதாவதாக இந்த வெள்ளை முதுகுக்காரிக்கு நீ மட்டும் தனியாக இறங்கிக் கட்டினாய். மழையில் எட்டை எடுத்துவிட்டு ஒன்பதாவதை விட்டுவிட்டாய். "அது நிக்கட்டு. அடுத்த வருசம் நீ வந்து எடுத்துக்கோ" என்றாய். நீ என்று சொன்னாய், நாம் என்று சொல்லவில்லை. நான் கவனிக்கவில்லை. கவனித்திருக்க வேண்டியவள் நான்தானா? ஊர் முழுக்க எல்லோருடைய ரிப்போர்ட்டையும் வாங்கி வாசித்து, "வீட்டாளுகிட்ட மறைக்கப்பிடாது" என்று புத்தி சொன்னவள் நீ.

மார்கழிக் குளிரோடு தனு மாதம் பேத்தியைப் பார்க்கப் போகிறேன் என்று கோயம்புத்தூருக்குப் பஸ் ஏறினாய். "ஒரு மாசத்துல வாறேன். பன்னலுக்குத் தண்ணி விடணும், முதல் வேனலாக்கும்" என்றாய். ஒரு மாதம் இரண்டானது. நான் கூப்பிட்டால் உன் மகள்தான் எடுத்தாள். அம்மா குளிக்கிறாள், அம்மா உறங்குகிறாள். எனக்குப் பொறுக்கவில்லை. நீ அங்கே பேத்தியைக் கொஞ்சிக்கொண்டு சுகமாக இருக்க, இங்கே நான் மட்டும் எதற்கு வாளி சுமக்க வேண்டும் என்று தண்ணீர் விடுவதை நிறுத்தினேன். வீம்புதான். புதிதாக நட்ட அந்த எட்டும் காய்வதைத் தினமும் பார்த்துக்கொண்டே கடைக்குப் போனேன்.

கும்ப மாதத்தில் நீயே கூப்பிட்டாய். குரல் மெலிந்திருந்தது. சிக்னல் சரியில்லை என்று நினைத்தேன்.

"பன்னலுக்குத் தண்ணி விட்டியா மக்கா?"

"விட்டேன்."

"எல்லாம் தளுத்துக் கிடக்கா?"

"கிடக்கு. அதெல்லாம் தாங்கும். நீதான சொன்னா."

"அது செரி" என்றாய். அதுதான் நீ என்னிடம் பேசிய கடைசி வார்த்தை.

மீனம் பிறந்த வாரத்தில் உன் மகள் கூப்பிட்டாள். அடக்கம் கோயம்புத்தூரிலேயே முடிந்துவிட்டது. ஒரு வருடத்துக்கும் மேலான நோய், சரிவில் நீ மரத்தைப் பிடித்து நிற்பதற்கு முன்பே உனக்குத் தெரியும். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "ஆன்ட்டிட்ட இப்பம் சொல்லண்டாம், பிறகு சொன்னாலும் அவிய தாங்கிக்கிடுவாவன்னு அம்மதான் சொன்னாவ."

நான் தாங்கவில்லை. அதை உனக்கு எழுதத்தான் இந்தக் கடிதம். நான் அயினியடியில் போய் நின்று அந்த எட்டுச் சருகுக் குத்துகளையும் காலால் மிதித்தேன். உன் குழியில் ஒரு பிடி மண்கூடப் போடாமல் உன்னை அனுப்பிவைத்தேன் என்ற துக்கம் ஒருபக்கம். சாகப் போகிறவளிடம் ஒரு வாளித் தண்ணீருக்குப் பொய் சொன்னேன் என்ற வெட்கம் மறுபக்கம். நீ உண்மையைச் சொல்லியிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். இரண்டு பேருமாக ஏமாற்றிக்கொண்டோம். அதில் நீ செய்ததுதான் பெரிது என்று இப்போதும் சொல்வேன்.

நேற்று அந்தச் சரிவில் குனிந்து உன் முடிச்சைத் தொட்டுப் பார்த்தேன். மழை வர இன்னும் இரண்டு மாதம் உண்டு. மீனத்தில் பறிக்கக் கூடாது. யாரும் எதுவும் செய்யாவிட்டாலும் அந்த இடுக்கில் அது இன்னும் பல வேனல் கிடந்திருக்கும். தெரிந்தேதான் பறித்தேன். ஒரு கம்பால் மண்ணைக் கிளறி, வேரோடு எடுத்து, ஈரக் கைக்குட்டையில் சுற்றி, விருந்தில் கேக் போட்டுத் தந்த பையில் வைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். அயினியடியில் உன் பூட்டிய வீட்டுப் பக்கமாக நட்டேன். செங்கல் உடைசல் போட்டேன், தொண்டு வைத்தேன், குருத்தை வெளியே விட்டேன். துணியை அவிழ்க்கவில்லை.

இனி அது தானாகத் தாங்காது. இந்த வெயிலில் ஒருநாள் விட்டாலும் போய்விடும். இரண்டு நேரமும் நான்தான் வாளி தூக்க வேண்டும். எனக்கு அதுதான் வேண்டும்.

தண்ணி விட்டியா என்று கேட்டாயே. இன்று காலையில் விட்டேன். சாயங்காலம் கடை அடைத்து வந்து மறுபடி விடுவேன். இந்தத் தடவை பொய் இல்லை.