கேட்சர் எழுந்து நின்றபோது

ஜூன் 14, 1988. சலைனா

மழை. ஆட்டம் இல்லை. முழங்கை விண்விண்ணென்று தெறிக்கிறது.

பதிமூன்று வருடம், ஒன்பது ஊர். ஆட்டத்தின் நடுவில் போய்ப் பந்து போடுகிற வேலை எனக்கு. மற்றவன் கொட்டிவிட்டுப் போனதைக் கூட்டி அள்ளுகிறவன் என்று வைத்துக்கொள்ளலாம். மேல் லீக்கில் இதுவரை ஒரு பந்துகூடப் போட்டதில்லை. பாரில் எவனாவது "பேஸ்பால் பிளேயராமே, எந்த டீமு?" என்று கேட்டால் சலைனா என்கிறேன். அதற்குப் பிறகு அவன் பீரைத்தான் பார்க்கிறான், என்னைப் பார்ப்பதில்லை.

ஜூன் 20

ஜோலீன் போன் பண்ணினாள். அவள் அண்ணன் டிராக்டர் கடையில் எனக்கு இடம் வைத்திருக்கிறானாம்.

"அவனும் எவ்வளவு நாள்தான் காத்திட்டிருப்பான், வெண்டெல்?"

"ஒரே ஒரு தடவை மேல போய்ப் போட்டுட்டா வந்துடறேன்."

"இதையேதான் நம்ம கல்யாணத்தப்பவும் சொன்ன."

சொன்னேன்தான்.

ஜூலை 2

கூப்பிட்டுவிட்டார்கள்! மேல் அணியில் ஒருவனுக்குத் தோள்பட்டை போய்விட்டது. சலைனா மேனேஜர் மெக்கே வந்து, "மூட்டையக் கட்டு. நல்ல சட்டை ஏதாவது வச்சிருக்கியா?" என்றார். இல்லை. அவருடையதையே கொடுத்தார். வயிறு தாராளமான மனுஷர். சட்டை கூடாரம் மாதிரி இருக்கிறது.

ஜோலீன் போனில் அழுதாள். நானும்தான்.

ஜூலை 3

உடை மாற்றும் அறையில் எல்லோர் அலமாரிக்கு மேலும் பித்தளையில் பேர். எனக்கு மட்டும் கணுக்காலில் சுற்றுகிற வெள்ளை டேப்பைக் கிழித்து, பேனாவால் பேர் எழுதி ஒட்டியிருக்கிறார்கள். அதிலும் எழுத்துப் பிழை. எத்தனை நாள் இருப்பேன் என்பதற்கு இதைவிடத் தெளிவாகப் பதில் வேண்டுமா?

ஜூலை 5

உட்கார்ந்திருந்தேன். சூரியகாந்தி விதை மென்று துப்பினேன்.

ஜூலை 6

உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 8

இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

எட்டாவது இன்னிங்ஸ். ஸ்கோர் சமம். இரண்டாம் தளத்திலும் மூன்றாம் தளத்திலும் எதிராளிகள், ரன்னுக்கு ஓடத் தயாராக. மைதான ஓரத்தில் நாங்கள் உட்காரும் கொட்டகையில் போன் அடித்தது. "இடதுகைக்காரனை ரெடி பண்ணு." அவ்வளவுதான் சொன்னார்கள். இடதுகைக்காரன் என்றால் இங்கே டீல்தான், லீக்குக்கே தெரியும். டீலோ டாய்லெட்டில். மதியம் தின்ற நண்டு வேலையைக் காட்டிவிட்டது. கோச் பெர்க் என்னைப் பார்த்தார். "நீயும் இடது கைதானே? எழுந்திரு."

மேனேஜர் கால்ஹூன் பந்து போடும் மேட்டுக்கு நடந்து வந்து, தன் இடது கையைத் தட்டிக் காட்டினார். கதவு திறந்தது. ஓடினேன்.

"நீயா? டீல் எங்கய்யா?"

"டாய்லெட்ல."

"என்னது?"

அம்பயர் குறுக்கே வந்தார். "கையத் தட்டியாச்சு, ஆளும் வந்தாச்சு. ஒரு பேட்டருக்காவது இவன் போட்டே ஆகணும்."

கால்ஹூன் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். "சரி. நாலு பந்தையும் வெளிய போடு. முதல் தளத்துக்குச் சும்மா போகட்டும் அவன். அதுக்குள்ள டீல் முடிச்சிட்டு வந்துருவான்."

பேட்டருக்குப் பின்னால் பந்தைப் பிடிக்கக் குந்தியிருந்த கேட்சர் எழுந்து நின்று, கையை ஓரமாக நீட்டினான். பேட்டர் மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு கொட்டாவி விட்டான். ஒன்று போட்டேன். இன்னொன்று போட்டேன். மூன்றாவதைக் கையில் உருட்டிக்கொண்டே நினைத்தேன் — நடுவில் ஒன்று போட்டால் என்ன? ஒன்றே ஒன்று?

போடவில்லை. நல்ல பிள்ளையாக நான்கையும் வெளியே போட்டேன்.

டீல் வந்தான். அவன் போட்ட முதல் பந்திலேயே அடி. மூன்று பேரும் ஓடிவந்து சேர்ந்தார்கள். நான் அனுப்பியவன் எடுத்த ரன் என் பேரில்.

பதிமூணு வருஷம் இதுக்குத்தானா? இதுக்குத்தானாடா?

ஜூலை 9

திரும்ப சலைனா. கிளம்பும்போது பார்த்தேன், டேப்பை ஏற்கெனவே உரித்திருந்தார்கள்.

ஜூலை 10

ஜோலீன்: "ரேடியோல உன் பேர் வந்துச்சு! கத்துன கத்துல பக்கத்து வீட்டு நாய் குலைச்சுது. எவனாவது அடிச்சானா உன் பந்தை?"

"யாரும் மட்டையையே வீசல."

"அப்ப நல்லதுதானே!"

நல்லதுதான் என்றேன்.

ஜூலை 27

போட்டேன். அடித்தார்கள். முழங்கை வீங்கியிருக்கிறது. சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஆகஸ்ட் 21

இன்று மெக்கே நான்கு விரலைக் காட்டினார். வெளியே போடு, அவனைச் சும்மா அனுப்பு. கேட்சர் எழுந்து நின்று கையை நீட்டினான்.

நடுவில் போட்டேன்.

பந்து கேட்சரைத் தாண்டிப் போய் அம்பயர் மார்பில் இடித்தது. திகைத்துப்போய்த்தான் அவர், பந்து சரி என்று "ஸ்ட்ரைக்" கொடுத்தார். கேட்சர், "கிறுக்குப் புடிச்சிருக்கா உனக்கு?" என்று கத்தினான். என் முகத்தில் என்ன கண்டானோ, முணுமுணுத்துக்கொண்டே குந்தி உட்கார்ந்தான். இந்தத் தடவை பேட்டர் தயாராக இருந்தான். முழு உடம்பையும் சுழற்றி வீசினான். பந்து வேலிக்கு வெளியே, கார்கள் நிற்கிற இடத்தையும் தாண்டிப் போய்விட்டது.

மெக்கே மெதுவாக நடந்து வந்தார். திட்டவில்லை. "ஏன்யா?"

"ஒருத்தனாவது மட்டைய வீசணும்னு தோணுச்சு."

"வீசிட்டான்." கையை நீட்டிப் பந்தை வாங்கிக்கொண்டார். "போ. சாமான எடுத்துக்க."

ஆகஸ்ட் 22

ஜோலீனிடம் சொன்னேன், அண்ணன் கடைக்கு அடுத்த திங்கட்கிழமை வருகிறேன் என்று. "என்னாச்சு?" என்றாள். ஒருத்தன் அடித்துவிட்டான் என்றேன். "ரொம்பவா?" ரொம்ப என்றேன்.

மெக்கே சட்டையைத் துவைத்து மடித்து அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அவன் மட்டையை வீசினானே, அது போதும் என்று எழுதப் பார்க்கிறேன். போதவில்லை.