சட்டைப்பையில் தைத்த பேர்

மார்ச் 4, திங்கள்

பூசணி, உன் கல்லறைக்குக் கல் வெட்டுகிறவர் இன்று மறுபடி கூப்பிட்டார். உன் பேரும் தேதிகளும் கொடுத்தாயிற்று. அடியில் ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறாராம். ஏப்ரல் முடிவதற்குள் என்ன வரி என்று சொல்ல வேண்டுமாம். நம் மகள் ரெனிட்டா ‘உண்மையுள்ள கணவர்’ என்று போடச் சொல்கிறாள். எல்லாக் கல்லிலும் அதுதானே இருக்கு, அதுக்கு என்னம்மா இவ்வளவு யோசனை என்கிறாள்.

என்ன யோசனை என்று உனக்குத் தெரியும். எண்பத்தொன்பது, ஜூன் மாதம், மூன்று நாள்.

மார்ச் 5

ஆஸ்பத்திரியில் நீ கடைசியாகச் சொன்னதும் அதுதான். மூக்கில் குழாயோடு. “வெர்லீன், அன்னிக்கு ஜெயில்ல இருந்தது நானில்ல.” சும்மா படு என்றேன். முப்பத்தைந்து வருஷமாக அதே வாக்கியம், அதே பதில்.

சனிக்கிழமை காலையில் பிக்கப்பை எடுத்துக்கொண்டு போனாய். திங்கள் சாயங்காலம் வந்தாய். வண்டி லிவிங்ஸ்டனில் நின்றுபோனது, ஒரு சாமானுக்காகக் காத்திருந்தேன் என்றாய். நடுவில் ஜூன்டீன்த், நம் அடிமை முன்னோர் விடுதலையான நாள் விருந்து. உன் பங்கு விலா எலும்புக்கறியைத் தட்டுப்போட்டு மூடி வைத்துக்கொண்டு, எல்லாரிடமும் இதோ வருவார், இதோ வருவார் என்றேன். அந்த வாரமே என் தங்கை ஜோனெல் பேப்பரில் சிவப்பு வட்டம் போட்டுக் கொண்டுவந்தாள். கைதானவர்கள் வரிசையில் உன் நிஜப் பேர், ஹாலிஸ் டேட்டம். நடன விடுதியில் சண்டை. பெண் விஷயமாக.

உண்மையுள்ள கணவராம்.

மார்ச் 12, செவ்வாய்

ஜோனெல் சொன்னாள், இப்போது கைதானவர்கள் விவரம் எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், முகம்கூட இருக்கும் என்று. முகம்! அது எனக்குத் தோன்றவே இல்லை, பார். பேப்பரில் பேர் மட்டும்தானே இருந்தது.

இரண்டு பேரும் நூலகத்துக்குப் போனோம். ஜோனெல் திறந்த முதல் பக்கமே ‘படம் பார்க்க கார்டு நம்பர் போடு’ என்றது. நூலகத்து மிஸ் ப்ரூயிட் ஓடி வந்து அதை மூடினாள். “அது வியாபாரம், மிஸ் வெர்லீன். ஷெரிஃப் ஆபீஸ் பக்கம் சும்மாவே காட்டும்” என்று சரியான இடத்தில் கொண்டுபோய் விட்டாள்.

இந்த மாவட்டத்தில், நம் கவுண்டியில் மட்டும் நான்கு ஹாலிஸ் டேட்டம்! ஒருத்தன் கழுத்தில் சேவல் பச்சை குத்தியிருக்கிறான். இன்னொருத்தர் வெள்ளைக்காரர், தாடி வயிற்றைத் தொடுகிறது. எல்லாரையும் ஊருக்குப் புதிதாக வந்த உறவுக்காரர்கள் மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தேன். உன்னைக் காணோம்.

பிறகு ஜோனெல் சும்மா இருக்காமல் நேற்றுப் பிடிபட்டவர்கள் பக்கத்தைத் திறந்தாள். பதின்மூன்றாவது படம் நம் கோயில் பாட்டுக்குழு ஓடெல். தலை முழுக்க முடி சுருட்டும் கர்லர். இளஞ்சிவப்பு. எட்டு எண்ணினேன். வண்டிக்குக் கட்ட வேண்டிய அபராதம் பாக்கியாம், பாவம், முடி காய்வதற்குள் பிடித்துக்கொண்டு போயிருக்கிறார்கள். ஜோனெல் “ஞாயித்துக்கிழமை சோலோ பாட்டுக்குத் தயாராயிட்டிருந்தார் போல” என்றாள். அவ்வளவுதான். சிரித்துச் சிரித்து எனக்கு மூச்சு நின்றுவிட்டது. மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். மிஸ் ப்ரூயிட் அதட்ட வந்தாள், படத்தைப் பார்த்தாள், உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பி நின்றாள். போகும்போது மட்டும் சொன்னாள், பிடிபட்டவர்கள் எல்லாரும் குற்றம் செய்தவர்கள் இல்லை என்று.

ஜனவரியில் நீ போன பிறகு இன்றுதான் சிரித்தேன். சிக்னலில் கார் நின்றபோது சிரிப்பு அழுகையாகிவிட்டது. பச்சை விழுந்ததுகூடத் தெரியவில்லை. பின்னால் வந்தவன் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தான்.

மார்ச் 13

எட்டு கர்லர்!

மார்ச் 15

கம்ப்யூட்டரில் இருப்பது தொண்ணூற்றாறுக்குப் பிறகு உள்ளவைதானாம். அதற்கு முந்தியதெல்லாம் படச்சுருளில், நகரத்து நடுவில் பழைய பதிவு ஆபீஸில். நேரில் போய்ப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஜோனெலுக்குத் திடீரென்று பயம். “தோண்டாதக்கா. அத்தானே போயிட்டார். நாளைக்கு அவர் மூஞ்சியே அதுல இருந்துட்டா?” என்றாள்.

பேப்பரில் வட்டம் போட்டுக் கொண்டுவந்தது யாரு என்று கேட்டேன்.

ஆனால் அவள் கேட்டது சரிதான். அதில் நீ இருந்தால்? இருந்தால் கல்லில் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும். தெரியாமல் ஒரு வரியை வெட்டிவைத்துவிட்டு, பூவோடு போகும்போதெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்க என்னால் முடியாது.

மார்ச் 19, செவ்வாய்

ஞாயிறு உடையும் தொப்பியும் போட்டுக்கொண்டு போனேன். ஜன்னலில் பச்சை நகம் வளர்த்த ஒரு பெண். படிவத்தில் பேர், பிறந்த தேதி, கைதான தேதி. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், கட்டத்துக்குள் எழுத்தை அடைக்க நேரமாயிற்று. அவள் பொறுமையாக இருந்தாள். காகிதம் மட்டும் போதுமா, படமும் வேண்டுமா என்றாள். படம்தான் வேணும், காகிதத்தை நீயே வெச்சுக்க என்றேன்.

“புருஷனோட கைதுப் படத்த இவ்வளவு ஆசையா கேட்டு வந்தது நீங்கதாம்மா” என்றாள்.

பத்து வேலை நாள். தபாலில் வரும்.

மார்ச் 31, ஈஸ்டர்

பன்றித்தொடை சுட்டேன். உன் சித்தப்பா மகன் லவோன் இரண்டு தட்டு சாப்பிட்டான். எழுபது வயது, கோயிலில் டீக்கன், இன்னும் கறி என்றால் பத்து வயதுதான். உன் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் முன்னால் நின்றவன் அவன். கல்லில் என்ன போடப் போகிறீர்கள் என்று கேட்டான். இன்னும் தெரியவில்லை, ஒரு காகிதம் வர வேண்டும் என்றேன். என்ன காகிதம் என்று கேட்காமல் மூன்றாம் தடவை சோளரொட்டி எடுத்துக்கொண்டான்.

ஏப்ரல் 3

தபால்காரர் என்னைப் பார்த்தாலே தலையாட்டிவிட்டுப் போகிறார்.

ஏப்ரல் 9, செவ்வாய்

வந்துவிட்டது. பழுப்பு உறை. ஃப்ரிட்ஜ் மேல் வைத்தேன். பாத்திரம் கழுவினேன். கழுவிய பாத்திரத்தையே மறுபடி கழுவினேன். ஜோனெல் வந்த பிறகு, நீயே பிரி என்றேன். அவள் பிரித்தாள், பார்த்தாள், நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

என்னடி, அவர்தானா?

என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

பூசணி, அது நீ இல்லை! அது நீ இல்லவே இல்லை! பின்னால் உயரக்கோடு, கையில் நம்பர் பலகை, இடது கண் வீங்கி மூடிக்கிடக்கிறது — விளக்குமாற்றுக்குச்சி மாதிரி நம் லவோன்! உன் டயர் கடைச் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறான். பையில் சிவப்பு நூலில் ஹாலிஸ் என்று பேர். கடையில் தைத்துக் கொடுத்தது பிரிந்துபோய் நான் கையால் தைத்தது. கடைசி எழுத்து கீழே விழுகிற மாதிரிச் சாய்ந்திருக்குமே, அதே தையல். அந்தச் சட்டை எங்கே, எவளிடம் கழற்றிவிட்டு வந்தாய் என்று எத்தனை நாள் உன்னைக் குடைந்தேன்! கவுண்டி அதை முப்பத்தைந்து வருஷம் பத்திரமாக வைத்திருந்திருக்கிறது.

எழுந்து ஆடினேன். முட்டிவலியோடு, சமையலறையில், கரண்டியோடு. ஜோனெலும் ஆடினாள். அது அவரில்ல, அது அவரில்ல என்று ஒரு பாட்டே கட்டிவிட்டோம். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஏப்ரல் 10

காலையில் நினைத்துப் பார்த்தேன். சின்ன அறையில் ஒரு வருஷம் உன்னைத் தனியாகப் படுக்கவைத்தேன். எதற்குச் சண்டை வந்தாலும் ‘ஜெயிலுக்கே போ’ என்பேன். ரெனிட்டா முன்னால்கூட. நீ தொப்பியை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போவாய்.

சும்மா படு என்றேனே. இந்த வாயால்.

ஏப்ரல் 14, ஞாயிறு

கோயில் முடிந்ததும் லவோனைச் சாப்பிடக் கூப்பிட்டேன். கோழி பொரித்திருந்தேன். தட்டை வைத்தேன், கோழி வைக்கவில்லை. படத்தை வைத்தேன்.

எடுத்துக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தான். பிறகு, “அப்ப எனக்கு இவ்வளவு முடி இருந்துச்சா, அண்ணி?” என்றான்.

நான் சிரிக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஜோனெல் கெடுத்துவிட்டாள்.

அப்புறம் அழுதான். ஏற்கனவே ஒரு வழக்கில் நன்னடத்தைப் பேரில் வெளியே விட்டிருந்தார்களாம். சொந்தப் பேரைச் சொன்னால் ஐந்து வருஷம் உள்ளே. அன்றைக்கு உன் சட்டையை இரவல் வாங்கிப் போட்டிருந்தானாம். போலீஸ்காரர் சட்டைப்பையைப் பார்த்து, ஹாலிஸா என்று கேட்டார், ஆமா என்றேன் என்கிறான். பிறந்த தேதி மனப்பாடம், இரண்டு பேரும் ஒரே வீட்டில் வளர்ந்தவர்கள்தானே. செவ்வாய்க்கிழமை கடைக்கு வந்து உன்னிடம் சொல்லிவிட்டானாம். வெளியே தெரிந்தால் அவனை உள்ளே போட்டுவிடுவார்கள் என்று நீ அவன் வாயை அடைத்துவிட்டாயாம். வெர்லீன் கோபம் ஞாயிற்றுக்கிழமைக்குள் தீர்ந்துவிடும் என்று சொன்னாயாம்.

எந்த ஞாயிற்றுக்கிழமை, பூசணி?

“ஒவ்வொரு வாரமும் சொல்லிடணும்னுதான் வருவேன், அண்ணி. நீங்க கோழிய வெப்பீங்க. அதோட போயிடும்” என்றான்.

அடிக்கலாமா என்று யோசித்தேன். கோழியை வைத்தேன். இனிமேல் உன் கல்லை மாசாமாசம் தேய்த்துக் கழுவ வேண்டியது அவன்தான் என்று தீர்ப்பும் சொன்னேன். தலையாட்டிக்கொண்டே தின்றான்.

அவன் கிளம்பும்போதுதான் எனக்கு உறைத்தது. வாசல் வரைக்கும் போய்க் கேட்டேன். சரிடா, ஜெயிலில் இருந்தது நீ. அப்படியானால் அந்த மூன்று நாள் அவர் எங்கே இருந்தார்?

“எனக்கெப்படி அண்ணி தெரியும்? நான்தான் உள்ள இருந்தேனே” என்றான்.

ஏப்ரல் 16

கல் வெட்டுகிறவரைக் கூப்பிட்டேன். போட்டுவிடுங்கள் என்றேன். நிச்சயம்தானா, வெட்டினால் அழிக்க முடியாது என்றார். தெரியும் என்றேன்.

ரெனிட்டா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அழுதாள், சிரித்தாள், படத்தில் ஒரு நகல் கேட்டாள். அந்தத் தையலுக்காகவாம்.

மே 25, சனி

கல் நட்டாயிற்று. சாம்பல் நிறம், நன்றாக இருக்கிறது. உண்மையுள்ள கணவர். லவோன் வாளியோடு வந்திருந்தான், புதுக் கல்லையே தேய்த்தான். ஓடெல் ஒரு பாட்டுப் பாடினார். தலைமுடி அலை அலையாக, அத்தனை அழகு. நானும் ஜோனெலும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இருந்தும் அவள் தோள் குலுங்கியது. துக்கம் என்று நினைத்து யாரோ அவளுக்குக் கைக்குட்டை கொடுத்தார்கள்.

எல்லாரும் காருக்குப் போன பிறகு நான் மட்டும் நின்றேன். கல்லில் கை வைத்தேன். வெயிலில் சூடாக இருந்தது. நீ சொன்ன ஒன்று நிஜம் என்று இப்போது எனக்குக் காகிதத்தோடு தெரியும். அதை நம்பி மற்றதையும் வெட்டிவிட்டேன். கோபமாகக் கேட்கவில்லை, ஆசையாகத்தான் கேட்கிறேன்—

வண்டி நிஜமாகவே லிவிங்ஸ்டனில்தான் நின்றுபோனதா, பூசணி?